ஏறியவர் பட்டியலும் இறங்கியவர் பட்டியலும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி அழைப்பது என்றும் தெரியவில்லை. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை பெட்ரோல் பங்க் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும் பிழைப்பு. அந்த நேரத்தில் போனில் பழைய கப்பல் பயணிகளின் பட்டியல்களைப் பார்ப்பேன். இங்குள்ள ஆவணக் காப்பகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு நாள் அப்பாவின் பெயரைத் தட்டியபோது, உறவினர்களைத் தேடுபவர்கள் எழுதும் வேறொரு தளத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘ஒயர்மேன் வேலை பார்த்தவர். தகவல் தெரிந்தவர்கள் எழுதவும்.’ உங்கள் ஜெராக்ஸ் கடையின் விலாசமும் இருந்தது. அவர் இங்கே வாழ்ந்த வருடங்களைப் பற்றித் தேடுகிறீர்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். எதைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் உங்களிடம் கிளம்பி வந்தபோது எனக்கு ஐந்து வயது. என் அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் முதலில் வந்தவர்கள், உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். வயதான அப்பாவின் போட்டோ ஒன்று. முடி நரைத்ததா, வழுக்கை விழுந்ததா, கண்ணாடி போட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. எப்போது காலமானார், எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவேன். உங்கள் வீட்டுப் படி ஏறித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்டுக்காரரின் இளைய மகள்


பிப்ரவரி 2

அம்மணிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. எங்கள் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கைவிட்டுப் போனவர்கள் கவலைப்படும் அளவுக்கு நாங்கள் என்றும் இருந்ததில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். கூட்ட நேரம். நகல் எடுக்க வந்தவர் ‘என்னம்மா, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்ல முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்துவிட்டு, ‘அந்தப் பூசணிக்காயின் போட்டோ இருக்கிறதா?’ என்று எங்களிடமே கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் அப்பா கப்பல் ஏறியபோது எனக்கு இரண்டு வயது. பிறகு அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. அவருக்கு அங்கே வேறு குடும்பம், ஒரு பெண் குழந்தை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பி வந்து சொன்னார். அத்தோடு சரி. யார் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் குறிப்பைப் போட்டேன். நானும் பட்டியல் பார்க்கத் தெரிந்தவள்தான். எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் பட்டியல் இங்கேயும் இணையத்தில் இருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாத பொழுதெல்லாம் வருடம் வருடமாகப் புரட்டினேன். அவர் இறங்கவில்லை. எந்த வருடமும், எந்தக் கப்பலிலிருந்தும் இறங்கவில்லை. எங்களிடம் கிளம்பி வந்தாராம்! கதை நன்றாக இருக்கிறது.

அக்கா என்று அழைக்க நான் இடம் கொடுக்கவில்லை. நலமாக இருங்கள்.

கரண்ட்டுக்காரரின் ஒரே மகள்


பிப்ரவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் நலமாக இல்லை.

அவர் உங்களிடம் வரவில்லையா?

நான் துறைமுகத்தில் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவர் படியில் ஏறி, பாதியில் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினார். கப்பல் கிளம்புகிற வரை நாங்கள் வெயிலில் நின்றோம். இது கனவு இல்லை. அம்மா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள்: “போய்ச் சேர்ந்துட்டாரு. பெத்த பிள்ளையைப் பாத்ததும் மனசு மாறியிருக்கும். பரவாயில்ல, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.” அப்படித்தான் நானும் நம்பி வளர்ந்தேன். பள்ளியில் அப்பா எங்கே என்று கேட்டால், ‘அக்கா வீட்டில்’ என்று சொல்வேன்.

இத்துடன் ஏறியவர் பட்டியலின் நகல் வைத்திருக்கிறேன். பெயர், வயது, தொழில், போய்ச் சேரும் விலாசம் எல்லாம் இருக்கிறது. விலாசம் உங்களுடையதுதானே? தயவுசெய்து பாருங்கள்.

அவர் உங்களிடம் இல்லை, எங்களிடமும் இல்லை என்றால், எங்கே போனார்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளைய மகள்


மே 5

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டன. கடிதம் கிடைத்ததா? அங்கே எல்லோரும் சுகம்தானே? இங்கே பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வேன் சும்மா நிற்கிறது. வேலை இல்லாத மனம் நல்லதை நினைப்பதில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. அடுத்த வீட்டுக் கதவு திறந்தாலே தபால்காரர் வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

இளையவள்


மே 30

தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம். நீ அனுப்பிய நகலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதில் எங்கள் பழைய வீட்டு விலாசம் இருந்தது. கதவு எண் முதற்கொண்டு சரியாக இருந்தது. அதற்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் டிராயரைத் திறந்தேன். நீ சொன்ன கப்பல், நீ சொன்ன பயணம். அந்தக் கப்பலிலிருந்து இங்கே இறங்கியவர்களின் பட்டியலை அச்செடுத்து, உன் நகலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே வரிசை. உன் பட்டியலில் அவருக்கு மேல் ஒரு தையல்காரர் ஏறியிருக்கிறார். அந்தத் தையல்காரர் இங்கே இறங்கியிருக்கிறார். அவருக்குக் கீழே ஒரு கணக்கு வாத்தியார் ஏறியிருக்கிறார். வாத்தியாரும் இறங்கியிருக்கிறார். என் பட்டியலில் தையல்காரருக்கு அடுத்த வரியே வாத்தியார். நடுவில் இருந்தவர் இல்லை.

எத்தனை வருடம், தங்கச்சி! நான் இறங்கியவர்களை மட்டும் பார்த்தேன். இல்லை என்றதும், ‘அவள் வைத்துக்கொண்டாள்’ என்று முடிவு கட்டினேன். நீ ஏறியவர்களை மட்டும் பார்த்தாய். இருக்கிறார் என்றதும், ‘அவர்களிடம் போய்விட்டார்’ என்று முடிவு கட்டினாய். இரண்டு காகிதத்தையும் ஒரு மேஜையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. என் அம்மாவும் உன் அம்மாவும் ஒரே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எழுதுவார்களா? இருவருக்கும் ரோஷம். எனக்கும் அந்த ரத்தம்தான்.

கப்பல் நடுவில் எங்காவது நின்றதா என்று பார். வேறு துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். பார்த்து எழுது. போனில் சொல்ல வேண்டாம், எழுது. சில செய்திகள் மெதுவாக வந்தால் தேவலை.

அக்கா என்றே அழை.

மூத்தவள்


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கப்பல் நடுவில் எங்கும் நிற்கவில்லை. கேப்டன் எழுதும் நாட்குறிப்பும் காப்பகத்தில் இருக்கிறது. அதை இணையத்தில் போடவில்லை. விண்ணப்பித்துக் காத்திருந்தேன். நேற்று வந்தது. வேனில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திறக்க மனமில்லாமல், எல்லோரையும் இறக்கிவிட்டுத் திறந்தேன்.

கிளம்பிய சில நாட்களில் காய்ச்சல். கப்பல் டாக்டர் பார்த்திருக்கிறார். ஆறாம் நாள் விடியற்காலை இறந்திருக்கிறார். அன்றே கடலில் அடக்கம். கூட நின்றவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று அந்தத் தையல்காரர். யாரோ ஒருவர் கூட நின்றார் அக்கா. தனியாகப் போகவில்லை.

நாட்குறிப்போடு கப்பல் கம்பெனியின் காகிதங்களும் இருந்தன. கரை சேர்ந்ததும் கம்பெனி உங்கள் விலாசத்துக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. ‘இந்த விலாசத்தில் யாரும் இல்லை’ என்று திரும்பி வந்துவிட்டதாம். எங்களுக்கு அனுப்பவில்லை. அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையே! அம்மாவும் கம்பெனிக்குப் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘நீ அவருக்கு யார்?’ என்று கேட்டிருப்பார்கள்.

அவருடைய பெட்டியில் இருந்தவற்றையும் எழுதியிருக்கிறார்கள். சட்டை, வேட்டி, குறடு, டெஸ்டர், குடை. கடைசியில், ‘சிறுமியின் கவுன் ஒன்று, புதியது.’

அந்தக் கவுன் எனக்குத் தெரியும். அதை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். என் முதுகில் வைத்து அளவு பார்த்துவிட்டு, “இதைவிடப் பெருசா காட்டுங்க, அவளுக்குப் பத்து வயசு” என்றார். எனக்கு இல்லையா என்று நான் கடையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நீல நிறம். கழுத்தில் வெள்ளைப் பட்டி. அது உங்களுடையது.

அவர் உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார். சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

தங்கச்சி


ஜூலை 28

என் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், கடைக்குப் போகிறேன். அறுபது தாண்டியவளுக்கு நீலக் கவுனுக்காக அழுகை வருகிறது என்று யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். என் அம்மா உயிரோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. படுக்கையோடு கிடக்கிறாள், ஆனால் புத்தி தெளிவு, நாக்கு அதைவிடத் தெளிவு. உன்னைப் பற்றி அவளிடமும், அவளைப் பற்றி உன்னிடமும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் என் தலையைத்தான் உருட்டுவீர்கள் என்று பயம்.

அந்த அறிவிப்பு ஏன் திரும்பியது தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன அந்த மாதமே அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். புது விலாசத்தைத் தபால் ஆபீசில்கூடச் சொல்லவில்லை. “அந்த ஆளு எழுதறது எதுவும் என் வாசலுக்கு வரக் கூடாது” என்று சபதம். வரவில்லை. சாவுச் செய்தியும் வரவில்லை.

இப்போது அவளிடம் சொல்லத்தான் வேண்டும். தினமும் ஒரு தடவையாவது, “அங்க எவ கையால சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரோ” என்கிறாள். அவர் வந்துகொண்டிருந்தார் என்று சொன்னால் அடுத்த நொடி ஒரு கேள்வி வரும். பார்த்துவிட்டுப் போக வந்தாரா, இருக்க வந்தாரா?

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. நீ அனுப்பிய நகலில், விலாசத்துக்கு அடுத்த கட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து நகல் எடுத்திருக்கிறாய். அப்படி வைத்தால் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். முப்பது வருடமாக இந்த மெஷின் முன்னால் நிற்பவளிடம் அது செல்லுமா? மே மாதமே பார்த்துவிட்டேன். கேட்க மனம் வரவில்லை.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியம்மா இருக்கிறார்கள் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேனைச் சுற்றி நடந்தேன். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்ல முடியாது என்று தெரியும். உங்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டத்தில், ‘தங்கும் காலம்: மூன்று மாதம். திரும்பும் டிக்கெட் வாங்கப்பட்டது’ என்று இருக்கிறது.

அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். “மூணு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.” திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டும் வரவில்லை என்றால், எங்களைவிட உங்களைப் பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த ஆத்திரத்தில்தான் வளர்ந்தேன். யார் மேலும் வருத்தம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதியது சுத்தப் பொய். பிறகு உங்கள் கோபக் கடிதம் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு மூன்று மாதம் என்று காட்ட எனக்குக் கை வரவில்லை. மறைத்தேன்.

அக்கா, பெரியம்மாவிடம் ஒரு வழி டிக்கெட் என்று சொல்லிவிடுங்கள். இனிமேல் அவர்கள் யாரிடம் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இருக்கத்தான் வந்தார் என்று நிம்மதியாக இருக்கட்டும். எனக்கு ஐந்து வருடம் கிடைத்தது. அது போதும். விட்டுக்கொடுக்கிறேன்.

அவர்களையும் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி


அக்டோபர் 14

என் தங்கச்சிக்கு,

நலமாக இரு. இங்கே நலம் என்று எழுத முடியவில்லை. அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், சிரமப்படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நகம் வெட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், காய்ச்சல், கடல். அவள் கை என் கையில் அப்படியே இருந்தது.

“வந்துட்டு இருந்தாரா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“பாத்துட்டுப் போகவா, இருக்கவா?”

“இருக்கத்தாம்மா. ஒரு வழி டிக்கெட்.”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “அங்க ஒரு பொண்ணு இருந்துச்சே. அதுக்கு அப்போ என்ன வயசு?”

“அஞ்சு.”

“அஞ்சு வயசுப் பிள்ளையை விட்டுட்டா கிளம்பினாரு? உனக்குப் பண்ணினது பத்தாதா? அதுக்கும் பண்ணணுமா? திருந்தாத ஜென்மம்!” என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஐம்பது வருடக் கோபம் போதாதென்று புதுக் கோபம். அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். நடுநடுவே, “அந்தப் பிள்ளை வாசலைப் பாத்துக்கிட்டே நின்னிருக்குமே” என்று அழுதாள். உனக்காக அழுதாள், தங்கச்சி. உன் பெயரைக்கூட இந்த வீட்டில் சொல்ல விடாதவள்.

அடுத்த நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, நான் சொன்னது பொய். மூணு மாசம்தான் இருக்க வந்தார். திரும்பிப் போக டிக்கெட் வெச்சிருந்தார்” என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். “நிஜமாவா?”

“நிஜமா.”

“அந்தப் பிள்ளைகிட்ட திரும்பிப் போறதா இருந்தாரா?”

“ஆமாம்மா.”

“அப்ப சரி,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “டீ குடு” என்றாள். குடித்துவிட்டுச் சொன்னாள்: “அவகிட்ட எழுது. அவங்கப்பா அவளை விட்டுட்டுப் போகலைன்னு எழுது.”

எழுதிவிட்டேன். அடுத்த வாரம் போய்விட்டாள். உன் அம்மாவைச் சித்தி என்று நான் ஒரு தடவையாவது அழைத்திருக்கலாம். சித்தியும் நிம்மதியாகப் போயிருக்க வேண்டியவள்.

அம்மா கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். “அஞ்சு வயசுன்னா அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். உனக்கு ரெண்டு. ஒண்ணும் தெரியாது. நீ தப்பிச்ச.” நான் தப்பிக்கவில்லை. எனக்கு அவர் முகம் ஒரு கல்யாண போட்டோ, அவ்வளவுதான். போட்டோ பேசாது. அவர் குரல் எப்படி இருக்கும்? கரகரப்பா, மென்மையா? சத்தமாகப் பேசுவாரா? உனக்குத் தெரிந்ததை எழுது. என்னிடம் அது இல்லவே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியம்மா போன செய்தியை வேனில் வைத்துப் படித்தேன். மாலையில் பிள்ளைகளை ஏற்றும்போது ஒரு சின்னப் பெண், “ஆன்ட்டி, கண்ல தூசியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ‘விட்டுவிட்டுப் போகவில்லை’ என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அவரே சொல்லிவிட்டார். நான் எப்படித் தாங்குவது?

நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பதுதான் இப்போது என் கவலை. பள்ளி விடுமுறைக்கு வருகிறேன். இந்தத் தடவை படி ஏறுவேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரலைக் கேட்டீர்கள். அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. தினமும் பெட்ரோல் பங்க் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன்.

அவர் சில நாள் என்னையும் வேலைக்குக் கூட்டிப் போவார். புதிதாகக் கட்டிய வீடுகள். கதவுகூட வைத்திருக்காது. நான் ஒவ்வொரு அறையிலும் பல்புக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் வாசல் பக்கம் போர்டு அருகே நின்று சுவிட்சைப் போடுவார். போட்டுவிட்டு, “எரியுதா?” என்று கேட்பார். எரிந்தால் நான் கத்த வேண்டும். அடுத்த அறைக்கு ஓட வேண்டும். மறுபடி, “எரியுதா?”

கேட்டது ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்டார் என்பது ஞாபகம் இருக்கிறது. வெறும் சுவர்களில் சத்தம் எதிரொலித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் குரல் வரவில்லை, அக்கா. எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அவர் குரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பதிலுக்குக் கத்துகிற என் குரல்தான் கேட்கிறது. “எரியுதுப்பா, எரியுது.”

தங்கச்சி